ஒரு மணி, ஒரு நொடி

காலை ஒன்பதுக்கு முதல் கேபிள் கார்
அறுபது பேரை மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறது.
சிகரம் பார்க்க வந்தவர்களுக்கு
இன்று சிகரம் விடுமுறை.
மேகம் மட்டும்தான்.
ஐம்பத்தெட்டு ஃபிராங்க் மேகம்.
அதற்கு முன்னாலும் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்,
பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுபோல வரும்,
பின்னால் வெள்ளை.

பதினொன்றரைக்குள் இறங்கி என் கடைக்கு வந்துவிடுவார்கள்.
வானம் தெளிந்த நாளில் நான் ஈ ஓட்ட வேண்டும்,
இந்தக் குளிரில் அந்த ஈயும் கிடையாது.

நான் விற்பது மாட்டு மணி.
கதவில் மாட்ட, சாவியில் தொங்க,
தோல்பட்டையில் பூ தைத்தது, தைக்காதது.
பெரிய மணியை எல்லோரும் தூக்கிப் பார்ப்பார்கள்,
யாரும் வாங்க மாட்டார்கள்.
விமானத்தில் எடை பார்ப்பார்களே.

ஆண்ட்வெர்ப் பல் மருத்துவர் ஒருவர்
ஒன்றைக் காதருகே ஆட்டிவிட்டுக் கேட்டார்:
"இது எந்த மாட்டின் கழுத்தில் இருந்தது?"
எந்த மாட்டின் கழுத்திலும் இல்லை ஐயா,
செவ்வாய்க்கிழமை லாரியில் வந்தது,
காகிதச் சுருளில் படுத்துக்கொண்டு.
"புரூனா" என்றேன்.
"பிடிவாதக்காரி. வேலி தாண்டுவாள்."
அவர் முகத்தில் விளக்கெரிந்தது.
"பக்கத்தில் இருப்பது?"
"அவள் தங்கை."
இரண்டையும் வாங்கினார்.

அன்றிலிருந்து மணிக்கொரு பசுவைப் பெற்றுப் போட்டேன்.
ஜனவரி முடிவதற்குள் பெயர் தீர்ந்தது.
பள்ளித் தோழிகள், இரண்டு சித்திகள்,
எனக்குக் கடன் மறுத்த வங்கி மேலாளர்,
எல்லோரையும் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டேன்.
நேற்று ஒரு தம்பதிக்கு
என் பெயரையே எடுத்துக் கொடுத்தேன்: லடீனா.
"சாதுவா?" என்றாள் அந்த அம்மாள்.
"பழகினால்."

நாலு மணிக்கே இங்கே இரவு தொடங்கிவிடும்.
சறுக்குப் பூட்ஸைக் கழற்றாமல்
மேசைமேல் ஏறி ஆடுகிறார்கள்.
அந்தப் பூட்ஸில் கணுக்கால் மடங்காது,
பீரோக்கள் குதிப்பதுபோல் இருக்கும்.

கடிகாரக் கடைக் கண்ணாடியில்
விலைச்சீட்டுகள் எல்லாம் குப்புறப் படுத்திருக்கின்றன.
மூக்கு உரச நின்று பார்க்கிறான்
ஹோட்டலில் தட்டு கழுவும் துவார்த்தே.
மூச்சுப் புகை படிகிறது,
தானே சட்டைக்கையால் துடைக்கிறான், மறுபடி பார்க்கிறான்.
நேரம் தெரிய அவனுக்கு அது வேண்டாம்.
சூப் கிண்ணம் வந்தால் ஏழு,
சாக்லேட் ஒட்டிய கரண்டி வந்தால் பத்து.

கடையடைத்ததும் நான் ஒட்டிலியாவின் பாருக்குப் போவேன்.
அவள் புருஷன் அர்மோன்
இரவெல்லாம் மலைமேல் பனியை இழைத்துச் சமன்செய்கிறான்,
பகலில் இவர்கள் கிழித்துப்போட்ட பனியை.
அவள் வீடு திரும்பும்போது அவன் மேலே.
அவன் இறங்கும்போது அவள் தூக்கத்தில்.
டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை
ஒருவர் விட்டுப்போன வெதுவெதுப்பில்
மற்றவர் படுப்பார்.

ஒரு மணிக்கு, கருத்த சரிவின் நடுவில்
ஊர்ந்துகொண்டிருந்த வெளிச்சம் நிற்கும்.
அணையும். எரியும்.
ஒட்டிலியா ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
சுவரருகே போவாள்.
வாசல் பலகைக்கும் உள் விளக்குக்கும் ஒரே சுவிட்ச்.
தட்டுவாள்.

ஒரு நொடி இருட்டு.
கரண்ட் போய்விட்டதென்று
எழுபது பேர் ஓவென்று கத்துகிறார்கள்,
யாரோ யாரையோ முத்தமிடுகிறார்கள்,
ஒரு கண்ணாடிக் குவளை உடைகிறது.
மூலையில் ஒரு மணி
ரெண்டு தரம் அடித்து ஓய்கிறது.

வெளிச்சம் வந்தபோது
பல் மருத்துவர் கோட்டுப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.
"வேலி தாண்டப் பார்க்கிறாள்" என்றார் என்னிடம்.
நான் சிரிக்கவில்லை. அவரும்.

"இங்கே அடிக்கடி இப்படி ஆகுமா?"
ஒட்டிலியாவைக் கேட்டார்.
"பழைய ஒயர்" என்றாள்,
சன்னலைப் பார்த்தபடி.
மேலே அந்த மஞ்சள் புள்ளி
மறுபடி நகர்ந்து
வளைவில் மறைந்துவிட்டது.

நாளை வானம் வெளுக்குமாம்.
உடைந்த குவளையைக் கூட்ட
துடைப்பத்தை எடுத்தேன்.